பேயைக் கண்டு அஞ்சாத குழந்தைகள்

பேய்ப்படம் என்றதும் வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் நம் நினைவுக்கு வரும். மெக்சிகோ இயக்குநர் கியெர்மோ டெல் டோரோவின் மூன்று ஸ்பானிய மொழிப் படங்கள் வேறு வகையானவை. 2016இல் ஒரே தொகுப்பாக வெளிவந்த இவற்றை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: கொடியது பேயன்று, பேராசையும் அதிகார வெறியும் கொண்ட மனிதனே கொடியவன்.

முதற்படம் ‘குரோனோஸ்’ (1993). பழம்பொருள் வணிகர் ஒருவர் பொன்வண்டு போன்ற கருவியால் இளமை பெறுகிறார். கூடவே இரத்த வேட்கையும் வருகிறது. பேத்தி அவரை வெறுக்கவில்லை; தன் பொம்மைப் பெட்டியில் உறங்க வைக்கிறாள். அவள் இரத்தத்தையே மனம் நாடியபோது, அவர் அக்கருவியை உடைத்தெறிகிறார்.

‘பிசாசின் முதுகெலும்பு’ (2001) நிகழ்வது 1939இல், ஸ்பானிய உள்நாட்டுப் போரின் முடிவில். அநாதை இல்லத்தில் ஒரு சிறுவனின் ஆவி உலவுகிறது. அவனைக் கொன்றவன், அதே இல்லத்தில் வளர்ந்து தங்கத்துக்காக அதையே அழிக்கத் துணிந்தவன்.

மூன்று ஆஸ்கார் விருதுகள் பெற்ற ‘பான்ஸ் லேபிரிந்த்’ (2006) 1944இல் நிகழ்கிறது. சிறுமி ஒஃபேலியாவின் மாற்றாந்தந்தை பிராங்கோவின் இராணுவ அதிகாரி. கேள்வி கேட்காத கீழ்ப்படிதலே அவனுக்கு வேண்டும். இறுதியில் மாய உலகின் வாசலும் அதையே கேட்கிறது: கைக்குழந்தையான தம்பியின் ஒரு துளி இரத்தம். ஒஃபேலியா மறுக்கிறாள், உயிரையே விலையாகக் கொடுக்கிறாள்.

முதற்படத்தில் தாத்தா மறுத்ததும் இதைத்தான். ‘சொன்னதைக் கேள்’ என்றே வளர்க்கப்பட்ட நமக்கு இது எளிய பாடமன்று. எதைக் கேட்பது, எதை மறுப்பது? படம் முடிந்த பின்னும் இக்கேள்வி நம்மை விடுவதில்லை.