பீச் மரத்தைக் கத்தரித்தல்: மரத்தின் நலமும் பழத்தின் தரமும்

மெல்பேர்ன் நகரின் குளிர்காலம் பீச் மரத்துக்கு ஏற்றது. எனவே இங்குள்ள வீட்டுத் தோட்டங்கள் பலவற்றில் இம்மரத்தைக் காணலாம். கத்தரிக்காமல் விடப்பட்ட மரம் உயர்ந்து, உட்கிளைகள் வெறுமையாகி, கைக்கெட்டாத உச்சியில் மட்டும் சிறிய பழங்களைத் தரும். அங்கே அழுகும் பழங்கள் பழ ஈக்களைப் பெருக்கி, அயலவரின் மரங்களுக்கும் கேடு விளைவிக்கும். முருங்கையை ஒடித்து வளர்த்துப் பழகிய நாம் பீச் மரத்தை வெட்டத் தயங்க வேண்டியதில்லை.

ஏன் கத்தரிக்க வேண்டும்?

பீச் மரம் முந்திய பருவத்தில் வளர்ந்த இளங்கிளைகளிலேயே காய்க்கும். ஒருமுறை காய்த்த பகுதி மீண்டும் காய்ப்பதில்லை. ஆகவே ஆண்டுதோறும் புதிய கிளைகளைத் தோன்றச் செய்வதே கத்தரித்தலின் நோக்கமாகும்.

எப்போது கத்தரிக்கலாம்?

பழங்களைப் பறித்த பின்னர், கோடையின் இறுதியில் அல்லது இலையுதிர்காலத் தொடக்கத்தில், மழையற்ற நாளொன்றைத் தெரிவுசெய்யுங்கள். ஈரமான காலநிலையில், வெட்டுக்காயங்களின் வழியே வெள்ளியிலை நோய் எளிதில் தொற்றும்.

எவ்வாறு கத்தரிப்பது?

1. கத்தரிக்கோலையும் வாளையும் கூராக்கி, மெதிலேற்றட் ஸ்பிரிட்டினால் துடைத்துக்கொள்ளுங்கள்.
2. பட்டுப்போன, நோயுற்ற, ஒன்றோடொன்று உராயும் கிளைகளை முதலில் அகற்றுங்கள்.
3. மூன்று அல்லது நான்கு முதன்மைக் கிளைகளை மட்டும் வைத்து, வெயிலும் காற்றும் உட்புகுமாறு மரத்தின் நடுப்பகுதியைக் கிண்ணம்போல் திறந்துவிடுங்கள்.
4. காய்த்து முடிந்த கிளைகளை, அவற்றின் அடியில் தோன்றிய புதிய கிளை வரை வெட்டுங்கள். பென்சில் பருமனுள்ள புதிய கிளைகளை விட்டுவையுங்கள். அடுத்த ஆண்டின் பழங்கள் அவற்றிலேயே தோன்றும்.
5. நுனியைக் குறைக்கும்போது, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

தொடர்ந்து கவனிக்க வேண்டியவை

இலைச்சுருள் நோயைத் தடுக்க, குளிர்காலத்தின் இறுதியில் மொட்டுகள் பருக்கத் தொடங்கி, விரியுமுன் செப்பு மருந்தைத் தெளிக்க வேண்டும். காய்கள் சிறியனவாக இருக்கும்போதே 10 முதல் 15 செ.மீ. இடைவெளிக்கு ஒன்றாகக் குறைத்தால், எஞ்சியவை பெருக்கும். பாரத்தால் கிளைகளும் முறியா. விழுந்த பழங்களைப் பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் வைத்த பின் குப்பைத்தொட்டியில் இடுங்கள். கூட்டெருக் குவியலில் சேர்க்காதீர்கள்.

மின்கம்பிகளுக்கு அருகிலுள்ள கிளைகளை நீங்களாகவே வெட்ட முயலாதீர்கள். பயிற்சி பெற்றவரின் உதவியை நாடுங்கள்.