ஸ்பைனா பைஃபிடா: முதுகில் ஒரு திறப்பு, உள்ளே இரண்டு பிரஷர்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கிளாஸில் நாம் எல்லாருமே ஒரு தடவையாவது கேட்டிருப்போம்: "இதெல்லாம் எங்கடா யூஸ் ஆகப் போகுது?" அணை, பம்ப், டர்பைன் என்று புத்தகம் பதில் சொல்லும். இந்த இதழில் வேறு ஒரு பதிலைப் பார்க்கலாம். ஸ்பைனா பைஃபிடாவோடு பிறக்கும் குழந்தையின் உடம்புக்குள் ρgh எப்படி வேலை செய்கிறது, டாக்டர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்துச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில், இது என்ன?

கரு உருவான முதல் மாதத்தில் அதன் முதுகுப் பக்கம் ஒரு தட்டையான தகடு இருக்கும். அது சுருண்டு, இரண்டு ஓரமும் ஒட்டி, ஒரு குழாயாக மாறும். இதற்கு நரம்புக்குழாய் என்று பெயர். இதன் மேல் பகுதி மூளையாகவும் மற்ற பகுதி தண்டுவடமாகவும் வளரும். ஷீட் மெட்டலை ரோல் பண்ணி சீம் போடுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இந்த சீம் சுமார் 28 நாளுக்குள் முழுசாக மூடிவிட வேண்டும். முதுகுப் பகுதியில் எங்காவது மூடாமல் விட்டுப்போனால் அதுதான் ஸ்பைனா பைஃபிடா.

இதில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

ஒக்கல்ட்டா: எலும்பில் மட்டும் சின்ன இடைவெளி. நரம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பல பேருக்கு இது இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்துப் பயந்து போகாதீர்கள். ஆனால் கீழ்முதுகின் நடுவில் முடிக்கற்றை, ஆழமான குழி, கொழுப்புக் கட்டி மாதிரி ஏதாவது குழந்தைக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆகணும். உள்ளே தண்டுவடம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

மெனிங்கோசீல்: தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் சவ்வு மட்டும் நீர்ப்பை மாதிரி வெளியே துருத்தியிருக்கும்.

மைலோமெனிங்கோசீல்: தண்டுவடமும் நரம்புகளும் சேர்ந்தே வெளியே வந்திருக்கும். இதுதான் கடுமையான வகை. கால் அசைவு, தொடு உணர்ச்சி, சிறுநீர், மலம் எல்லாமே பாதிக்கப்படலாம். இனி நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

முதுகில் இருப்பதைத் தலையில் தேடுவார்கள்

கர்ப்பத்தின் 16 முதல் 18 வாரத்தில் அம்மாவின் இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் அளவைப் பார்க்கலாம். குழந்தையின் முதுகு திறந்திருந்தால் இந்தப் புரோட்டீன் அதிகமாகக் கசிந்து வரும். ஆனால் இது ஒரு எச்சரிக்கை மட்டும்தான். இரட்டைக் குழந்தையாக இருந்தாலோ, வாரக் கணக்கு தப்பாக இருந்தாலோகூட அளவு கூடும். உறுதி செய்வது 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன்.

அந்த வயதில் முதுகுத்தண்டு ரொம்பச் சின்னது. திறப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. 1986இல் லண்டனில் கைப்ரோஸ் நிகோலைடிஸ் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். முதுகைத் தேடுவதற்கு முன்னால் தலையைப் பாருங்கள். மண்டையோட்டின் முன்பக்கம் இரண்டு புறமும் உள்வாங்கி எலுமிச்சை மாதிரி தெரியும். சிறுமூளை அழுங்கி வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும்.

காரணம் பிரஷர்தான். முதுகுத் திறப்பு வழியாக மூளைத் தண்டுவடத் திரவம் கசிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. மூளையின் பின்பகுதி கீழ்நோக்கி இழுபட்டுக் கழுத்துப் பக்கம் இறங்குகிறது. இறங்கிய பகுதி திரவம் போகிற வழியையே அடைத்துவிடுகிறது. அதனால்தான் முதுகில் ஓட்டை இருக்கும் குழந்தைக்குத் தலையில் நீர் தேங்குகிறது.

முன்கூட்டியே தெரிந்தால் நரம்பியல் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்தைத் திட்டமிடலாம்.

முதல் ஆபரேஷன்

குழந்தை பிறந்ததும் குப்புறப் படுக்கவைத்து, ஸ்டெரைல் சலைனில் நனைத்த துணியால் திறப்பை மூடுவார்கள். பொதுவாக 2, 3 நாளுக்குள் ஆபரேஷன் செய்து தண்டுவடத்தை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். மூளைக்காய்ச்சல் வராமல் தடுப்பதுதான் இதன் முக்கிய நோக்கம். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட நரம்பு இதனால் திரும்ப வராது.

குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே மூடினால் என்ன? அமெரிக்காவில் மாம்ஸ் என்ற ஆய்வு இதைத்தான் சோதித்தது. 26 வாரத்துக்கு முன்பே கர்ப்பப்பையைத் திறந்து ஆபரேஷன். பலன் தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்ட எண்ணிக்கை முடியும் முன்பே ஆய்வை நிறுத்தி, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் தலைக்கு ட்யூப் வைக்க வேண்டியிருந்தது 40%. பிறந்த பிறகு ஆபரேஷன் செய்தவர்களில் அது 82%. இரண்டரை வயதில் கருவிகள் இல்லாமல் நடந்தது 42%, மற்ற குழுவில் 21%. ஆனால் குறைமாதப் பிரசவமும், அம்மாவின் கர்ப்பப்பைத் தையல் பலவீனமாகும் ஆபத்தும் கூடுதல். எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது.

ஆபரேஷன் முடிந்து தையலும் ஆறிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் கவனம் அங்கேதான் ஆரம்பிக்கணும். வெளியே தெரிந்த புண் மூடிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு பிரஷர் உள்ளே இருக்கு.

பிரஷர் 1: தலை

தேங்கும் திரவத்தை மூளையிலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் ட்யூபுக்கு ஷன்ட் என்று பெயர். இந்தக் கதையில் நம்ம ஆள் ஒருத்தர் வருகிறார். ஜான் ஹோல்டர், ஃபிலடெல்பியாவில் ஒரு பூட்டுக் கம்பெனியின் டெக்னீஷியன். 1955இல் அவர் மகன் கேஸி ஸ்பைனா பைஃபிடாவோடு பிறந்தான். தலையிலும் நீர் தேங்கியது. திரவம் ஒரே திசையில் போகணும், இரத்தம் திரும்பி வரக்கூடாது, அதற்கு நல்ல வால்வு இல்லை என்று சர்ஜன் யூஜீன் ஸ்பிட்ஸ் சொன்னார். ஹோல்டர் வீட்டிலேயே வேலையை ஆரம்பித்தார். சிலிகோனில் மெல்லிய கீறல் போட்டு, அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்தால் தானே மூடும் வால்வைச் செய்தார். 1956இல் அது முதலில் பொருத்தப்பட்டது வேறொரு குழந்தைக்கு. கேஸி சின்ன வயதிலேயே இறந்துவிட்டான். ஸ்பிட்ஸ்-ஹோல்டர் வால்வு பல குழந்தைகளைக் காப்பாற்றியது.

இப்போது பெரும்பாலும் ட்யூபின் மறுமுனையை வயிற்றுக்குள் விடுகிறார்கள். இங்கே ஒரு கணக்கு. வால்வு 10 செ.மீ. நீர் அழுத்தத்தில் திறக்கும் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை படுத்திருக்கும்போது சரி. எழுந்து உட்கார்ந்தால் தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே 40 செ.மீ. உயரம். அந்த நீர்க்கம்பம் முழுவதும் கீழே இழுக்கும். பைக்கிலிருந்து பெட்ரோல் ட்யூப் போட்டு இழுக்கிற அதே சைஃபன். தேவைக்கு மேல் திரவம் வடிந்துவிடும். அதைத் தடுக்கவே சைஃபன் தடுப்பான் வைத்த ஷன்ட்டுகள் வந்தன.

ஷன்ட் அடைத்தும் போகும். 1998இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் முதல் வருஷத்திலேயே 10க்குக் கிட்டத்தட்ட 4 ஷன்ட் பழுதாகியிருந்தது. அதை முதலில் கண்டுபிடிக்கும் கருவி என்ன தெரியுமா? தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்! பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. முதல் மூன்று மாதம் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளரும். அதைத் தாண்டி ஓடினாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, கண் கீழ்நோக்கியே நின்றாலோ, வாந்தியோடு குழந்தை தூங்கித் தூங்கி விழுந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கொஞ்சம் பெரிய குழந்தைக்குத் தலைவலி முக்கிய அறிகுறி.

விலையும் ஒரு பிரச்சினை. இந்தியாவில் தயாராகும் சாப்ரா ஷன்ட்டை, உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற சர்ஜன் ஒரு விலை உயர்ந்த ஷன்ட்டோடு ஒப்பிட்டார். 195 குழந்தைகள், முடிவு வெளியானது 2005இல். ஒன்று சுமார் 35 டாலர், இன்னொன்று 650 டாலர். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பலனில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

பிரஷர் 2: சிறுநீர்ப்பை

இதைத்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். நரம்பு பாதிக்கப்பட்டதால் சிறுநீர்ப்பை சுருங்கும்போது வாய் திறக்காது. டயபர் நனைகிறதே, சிறுநீர் போகிறதே என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். அது நிரம்பி வழிவதாக இருக்கலாம். உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கிப் போய், சத்தமே இல்லாமல் கிட்னி கெட்டுக்கொண்டிருக்கும். சிறுநீர் கசிய ஆரம்பிக்கும் அழுத்தம் 40 செ.மீ. நீருக்கு மேல் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்னி பாதிப்பு அதிகம் என்று 1981இல் எட்வர்ட் மக்வயர் குழு காட்டியது. இதை அளப்பதற்கு யூரோடைனமிக்ஸ் என்ற சோதனை இருக்கு. கூடவே கிட்னி ஸ்கேனும் எடுப்பார்கள்.

சிகிச்சை ரொம்ப எளிமையானது. தினமும் 4 முதல் 6 தடவை மெல்லிய கதீட்டரை விட்டுச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடுவது. 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடிஸ் இதற்கு முழு ஸ்டெரைல் முறை தேவையில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. பை நிரம்பி விரிந்தே இருப்பதுதான் பெரிய ஆபத்து என்பது அவர் வாதம். அம்மா அப்பா இதை வீட்டிலேயே செய்யலாம். வளர்ந்த பிறகு குழந்தையே செய்துகொள்ளும். அழுத்தம் கூடுதலாக இருந்தால் ஆக்சிபியூட்டினின் மாதிரி மருந்தும் உண்டு. ஒரு எச்சரிக்கை: இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் அலர்ஜி வருவது அதிகம். அதனால் கதீட்டர், கையுறை, ஏன், பலூன்கூட லேடெக்ஸ் இல்லாததாக இருக்கணும்.

அந்த 28 நாள்

1991இல் முடிந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், ஏற்கெனவே இப்படிக் குழந்தை பிறந்த பெண்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்தபோது, மறுபடி வருவது 72% குறைந்தது. மற்ற பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் 28 நாள் என்றால், நாள் தள்ளிப்போய் டெஸ்ட் எடுப்பதற்குள் சீம் போடும் வேலை முடிந்தே போயிருக்கலாம். அதனால்தான் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே ஆரம்பிக்கணும். அரசுப் பள்ளியில் படித்த நண்பர்களுக்கு வாராவாரம் கொடுத்த நீல மாத்திரை ஞாபகம் இருக்கும். அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் ஆசிடும் இருக்கு.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்ட பெண்ணுக்கும் இது வரலாம். கிரகணத்தன்று வெளியே போனாள், அதைச் செய்தாள், இதைச் செய்தாள் என்று யாராவது அம்மாவைக் குறை சொன்னால், படித்த நாமாவது வாயைத் திறந்து இல்லை என்று சொல்லணும்.

கடைசியாக, புராஜெக்ட் டாபிக் தேடிக்கொண்டிருக்கும் ஜூனியர்களுக்கு. வீட்டிலேயே சிறுநீர்ப்பை அழுத்தத்தைப் பார்க்க ஒரு மலிவான கருவி யோசித்துப் பாருங்கள். கதீட்டரின் வெளிமுனையில் ஒளி ஊடுருவும் ட்யூபைச் செங்குத்தாகப் பிடித்துப் பக்கத்தில் ஸ்கேல் வைத்தாலே அது ஒரு மானோமீட்டர்தான். அதைச் சுத்தமாகவும், ஒரு அம்மா தனியாகவே பயன்படுத்தும்படியும் செய்ய முடியுமா? ஒரு யூராலஜி டாக்டரை கைடாக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.