பக்கவாதத்துக்கு ஒரு மண்டலம் ஓய்வா?

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் உறவினர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் போவதில்லை: "நரம்பு தளர்ந்து கிடக்கு. ஒரு மண்டலம் ஆடாம அசையாம படுக்கட்டும். எண்ணெய் போட்டு நீவிவிட்டா தெம்பு வந்துடும். பிசியோவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். கேட்கிற குடும்பமும் அக்கறையோடுதான் அவரைக் கட்டிலில் கிடத்துகிறது. நாற்பத்தெட்டு நாள் கழித்து பிசியோதெரபி பிரிவுக்குத் தூக்கி வரும்போது தோள் பூட்டிக்கொண்டிருக்கிறது, விரல்கள் மடங்கி இறுகியிருக்கின்றன, குதிகால் தரையில் பதிய மறுக்கிறது. இதில் பெரும்பங்கு அந்தக் கட்டில் செய்த வேலை.

கை விழுந்துபோனாலும் கோளாறு கையில் இல்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, அல்லது வெடித்தது. அதனால் கையை இயக்கும் பகுதி சேதமானது. தோலில் தேய்க்கும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. சேதமான பகுதியின் வேலையை மூளையின் மற்ற பகுதிகள் ஏற்க வேண்டுமானால், நோயாளி தானே முயன்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். பிறர் நீவிவிடும்போது அவர் சும்மா படுத்திருக்கிறார். மூளைக்கு அங்கே வேலையே இல்லை. இதமாக எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை. ஆனால் நரம்பு நீவுகிறேன் என்று தளர்ந்த தோளைப் பிடித்து இழுப்பது மூட்டையே நழுவ வைத்துவிடும்.

ஓய்வுக்கு ஆதரவாக ஓர் ஆய்வைக் காட்ட முடியும் என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் 5 நாடுகளில், 56 பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகளில், 2,104 பேரிடம் நடந்த 'அவெர்ட்' ஆய்வு அது. 2015இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மிகச் சீக்கிரமாகவும் அடிக்கடியும் எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்கள் மூன்று மாத முடிவில் சற்றுப் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த 'வழக்கமான கவனிப்பு'க் குழு எப்போது எழுந்தது தெரியுமா? பக்கவாதம் வந்து சுமார் 22 மணி நேரத்தில்! முதல் குழு எழுந்தது சுமார் பதினெட்டரை மணி நேரத்தில். அங்கே வழக்கு மணிக்கணக்கில்; மண்டலக்கணக்கில் இல்லை. ரத்த அழுத்தம் நிலைபெற்று மருத்துவர் சரி சொன்னதும், புரட்டிப் படுக்க வைப்பது, உட்கார வைப்பது, கால் ஊன்ற வைப்பது என்று முதல் சில நாட்களிலேயே சிறுகச் சிறுகத் தொடங்கிவிட வேண்டும்.

படுக்கையின் கெடுதி படுக்கைப் புண்ணோடு நிற்பதில்லை. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். இன்னொன்று வெளியே தெரியாது: ஒரு கை ஒத்துழைக்காதபோது மறு கையே தம்ளரைப் பிடிக்கிறது, பித்தான் போடுகிறது. நாளடைவில், முயன்றால் அசையக்கூடிய கையையும் மூளை கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதைத் திருப்பிப்போட வழி கண்டார்: நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதித்த கையை மட்டும் வேலை வாங்குவது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் இதைச் சோதித்த 'எக்ஸைட்' ஆய்வு 2006இல் வெளிவந்தது. இரண்டே வாரப் பயிற்சி; பலன் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நீட்ட முடிந்தவர்களுக்கே இந்த முறை பொருந்தும்.

"ஆறு மாசம் தாண்டிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று கைவிரிப்பவர்களுக்கும் இந்த 'எக்ஸைட்' ஆய்விலேயே பதில் இருக்கிறது. போதாதென்றால் 2011இல் வெளியான 'லீப்ஸ்' ஆய்வு: 408 பேரில் ஒரு பிரிவினர் இரண்டாம் மாதத்திலும், இன்னொரு பிரிவினர் வழக்கமான கவனிப்போடு காத்திருந்து ஆறாம் மாதத்திலும் டிரெட்மில் நடைப் பயிற்சி தொடங்கினார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். தாமதிக்கலாம் என்பதற்கு இது அனுமதிச் சீட்டு இல்லை. ஏற்கெனவே தாமதித்துவிட்டவரை மூலையில் உட்கார வைக்காதீர்கள் என்பதற்குச் சான்று.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை வார்த்தை தேவையில்லை. புறா ரத்தம் தேய்த்தால் கை வராது. புறா செத்ததுதான் மிச்சம். மடங்கி இறுகிய கையில் ரப்பர் பந்தைத் திணிப்பது எதற்கு? அந்த விரல்கள் கற்க வேண்டியது திறப்பதை. தலைக்கு மேல் கப்பி கட்டிக் கயிறு இழுப்பதைப் பக்கவாதத் தோளுக்குச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016 வழிகாட்டியே சொல்கிறது. "கரண்ட் வைப்பது"தான் பிசியோதெரபி என்று நினைப்பவர்கள், பத்து நிமிடம் மெஷின் வைத்துக்கொண்டு மீதி நாளெல்லாம் படுத்திருந்தால் என்ன தேறும் என்று யோசிக்க வேண்டும்.

எல்லாக் கோளாறும் பக்கவாதம்போல ஒரே இரவில் வருவதில்லை. நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியவில்லை. சோப்புப் போட்டுக் கண்ணை மூடி முகம் கழுவும்போது உடல் தள்ளாடுகிறது. கால் பெருவிரல் தரையில் இடறுகிறது. ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறது. கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகிறது. படுக்கையில் புரள முடியவில்லை. "வயசாயிடுச்சு" என்று இவற்றைத் தள்ளிவிடுகிற வீடுகள் ஏராளம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டிக் காரணம் கண்டறிந்து, கையோடு பிசியோதெரபிஸ்டையும் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை போதும், பயிற்சி கடைசிக் கட்டத்துக்கு என்பதும் தவறு. 195 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் வாரம் இரு முறை, 24 வாரம் தாய்ச்சி பயின்றவர்களுக்கு உடல் சமநிலை கூடியது. தசை நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

முகம் கோணுவது, கை கால் விழுவது, பேச்சு குழறுவது திடீரென வந்தால் பிசியோவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்: உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு.

குழந்தைகள் விஷயத்தில் "அவன் மாமாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்ற சமாதானம் ஆபத்தானது. ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தையை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தையை அந்த வாரமே காட்ட வேண்டும்.

பக்கவாதத்துக்கான பயிற்சியை வீட்டாரே கற்றுக்கொண்டு செய்தால் போதாதா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வில், குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்ய வைத்தது சாவையோ பிறரைச் சார்ந்திருப்பதையோ குறைக்கவில்லை. பிசியோதெரபிஸ்டே நேரில் வந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. அதை பிரஷர், சுகர் மாத்திரைத் திட்டம் என்று மட்டுமே நினைப்பவர்கள் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மருத்துவமனைகளும் திருந்த வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைக்குப் பெயர், அளவு, வேளை எல்லாம் இருக்கின்றன. பிசியோதெரபிக்கு ஒரே வரி, 'தொடரவும்' என்று. எந்தப் பயிற்சி, எத்தனை முறை, யாரிடம், எந்தத் தேதியில் முதல் சந்திப்பு என்பதை எழுதி வாங்காமல் வார்டை விட்டுக் கிளம்பக் கூடாது.