ஆங்கிலம் பழகுவோம்: 'கெரி' என்ற சொல்

இந்த முறை ஒரே ஒரு சொல்தான். கொழுந்துக் கூடையை மடுவத்துக்குத் தூக்கிட்டுப் போறோமே, அதற்கு ஆங்கிலத்தில் 'கெரி' என்பார்கள்.

நமக்குத் தலையில் என்றால் சுமப்பது, கையில் என்றால் ஏந்துவது. எங்கள் விடத்தல்தீவுப் பக்கம் 'காவு' என்ற சொல்தான் வாயில் வரும். மீன் கூடையையும் காவுவார்கள், பிள்ளையையும் காவுவார்கள். தோளில் சுமக்கும் தடிக்குப் பழைய தமிழில் 'கா' என்று பெயர். காவடியில் இருப்பதும் அதுதான். உங்கள் பாட்டன் பூட்டன்மாரில் பலர் அந்த மன்னார்க் கரையில் இறங்கி, மூட்டை முடிச்சோடு மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தவர்கள். தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் 1914இல்தான் வந்தது. ஆங்கிலக்காரனுக்கு இத்தனை சுமைக்கும் ஒரே 'கெரி' போதும்.

ஆனால் ஒன்று. 'பிரிங்' என்றால் இங்கே கொண்டு வா. 'டேக்' என்றால் அங்கே கொண்டு போ. 'கெரி'க்குத் திசை கிடையாது, சுமப்பது மட்டும்தான். பரீட்சையில் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள். 'கெரி அவுட்' என்றால் வெளியே தூக்கிப் போடுவதல்ல, சொன்ன வேலையைச் செய்து முடிப்பது.

சைக்கிளின் பின்னால் சாமான் கட்டுகிற 'கரியர்' இந்தச் சொல்லில் பிறந்ததே. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'தலசீமியா கெரியர்' என்று இருந்தால் பயந்து போகாதீங்க. அவர் நோயாளி அல்ல, அந்தக் குறையை உடம்பில் சுமப்பவர். ஆனால் கணவன், மனைவி இருவரும் அப்படி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கலியாணத்துக்கு முன்னமே டொக்டரிடம் கேட்பது நல்லது.

இனிக் காசு விஷயம். 7உம் 8உம் 15. 5ஐ எழுதி 1ஐ அடுத்த வரிசைக்குக் கொண்டு போகிறோம் அல்லவா, அதுவும் 'கெரி'. கணக்குப் புத்தகத்திலும் அப்படித்தான். 'கெரிட் போர்வர்ட்', சுருக்கமாக சீ.எப்., என்றால் அடுத்த மாதத்துக்குக் கொண்டு சென்ற தொகை. 'புரோட் போர்வர்ட்', அதாவது பீ.எப்., என்றால் போன மாதத்தில் இருந்து கொண்டு வந்தது. இந்த பீ.எப். வேறு, ஈ.பீ.எப். சேமலாப நிதி வேறு. காதுக்கு ஒரே மாதிரிக் கேட்கும், அவ்வளவுதான்.

உங்கள் சம்பளச் சீட்டில் இந்த எழுத்துகள் இருந்தால் இரண்டு மாதச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் கடன் 1,250 ரூபாய் சீ.எப். என்றால், ஏப்ரலில் பீ.எப். அதே 1,250 ஆக இருக்க வேண்டும். 1,520 என்று இருந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். சண்டை பிடிக்க வேண்டாம், இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒப்பீசில் போய்க் காட்டுங்கள். அதற்குப் பழைய சீட்டு கையில் இருக்க வேண்டுமே! அடுப்புப் பற்ற வைக்காமல் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள்.