மூச்சு முட்டினால் மாத்திரையை நம்பாதே

தங்கச்சி, இறால் தொக்கு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து உடம்பெல்லாம் அரிப்பெடுத்தால், நம் வீடுகளில் உடனே "காணாக்கடி" என்பார்கள். வெற்றிலையில் மிளகை மடித்து மெல்லச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஓர் அவில் மாத்திரை. தோலில் தடிப்பு மட்டும்தான் என்றால் டாக்டர் எழுதித் தந்த அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இரு. வெற்றிலையும் மிளகும் வேண்டாம். தொண்டை வீங்கத் தொடங்கியிருந்தால் புரையேறிவிடும்.

தடிப்போடு இன்னொன்று சேர்ந்தால்தான் நான் பயப்படுவேன். குரல் கம்முவது, விடாத இருமல், மூச்சில் வீசிங் சத்தம், அடுத்தடுத்து வாந்தி, முகம் வெளுத்துத் தலைசுற்றுவது. சொல்லத் தெரியாத குழந்தைக்கு எச்சில் வழியும், சட்டென்று துவண்டுவிடும். சில பேருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாமல் நேரே மூச்சில்தான் பிடிக்கும். டாக்டர்கள் இதை அனாஃபிலாக்சிஸ் என்பார்கள். அவில், செட்டிரிசின் எல்லாம் அரிப்பைத்தான் அடக்கும். மூச்சுக்குழாய் வீக்கத்தையும் விழுகிற பிரஷரையும் தூக்கி நிறுத்துவது அட்ரினலின் ஊசி ஒன்றுதான். "மாத்திரை கேட்குதான்னு பார்ப்போம்" என்று ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதே.

வீட்டில் டாக்டர் கொடுத்துவைத்த ஊசி இருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் போடு, துணிக்கு மேலேயே போடலாம். 5 நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது ஊசி. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் 108-ஐக் கூப்பிட்டு, "சாப்பாட்டு அலர்ஜி, மூச்சு முட்டுது" என்று அந்த வார்த்தையிலேயே சொல். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. தடுப்பூசி போடும் இடம் என்பதால் அங்கே அட்ரினலின் வைத்திருப்பார்கள்.

நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, மயங்கியவரை எழுப்பி நடக்கவைப்பது, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது. பிரஷர் விழுந்த உடம்பை நிமிர்த்தினால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாது, அந்த நொடியிலேயே உயிர் போகலாம். படுக்கவை, காலைத் தலையணை வைத்து உயர்த்து. மூச்சுத் திணறினால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரட்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை. விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதே. ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு இது வேகமாக முற்றும், அவர்களிடம் கூடுதல் கவனம் வை.

தெளிந்ததும் வீட்டுக்குக் கிளம்பாதே. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம், டாக்டர் விடும்வரை ஆஸ்பத்திரியில் இருங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்று எழுதிவை. பிறகு அலர்ஜி டாக்டரிடம் போகும்போது அந்தச் சீட்டுத்தான் உதவும்.

வெளியில் சாப்பிடும்போது குருமாவிலும் பாயசத்திலும் முந்திரி, புளியோதரையிலும் சட்னியிலும் வேர்க்கடலை இருக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். இறால் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கையும் பொரிப்பார்கள். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிஸ்தாவும், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நண்டும் பெரும்பாலும் ஆகாது. கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் நேராகவே போய்க் கேள், வெட்கப்படாதே. பரிமாறுகிறவர் ஒரே கரண்டியை எல்லாப் பாத்திரத்திலும் போடுவார் என்பதால், குழந்தைக்குத் தனி டப்பாவில் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோவதே நல்லது. ஊசியையும் அந்த டப்பா வைக்கும் பையிலேயே வை. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதே, சூட்டில் மருந்து கெட்டுவிடும்.