சின்ன ஸ்கூட்டரில் பாண்டிச்சேரி போகலாமா?

‘ஸ்கூட்டர் ஊருக்குள் ஓட்டத்தான். ஈசிஆரில் இறங்கினால் 150 சிசியாவது வேண்டும்.’ தி.நகரிலோ அடையாறிலோ வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் வரும் அறிவுரை இது. இதை நம்பி, தேவைக்கு மேல் பெரிய வண்டி வாங்கி, தெருவில் திருப்ப முடியாமல் தவிப்பவர்கள் நிறைய.

2015-இல் அனம் ஹாஷிம் என்ற பெண் 110 சிசி ஸ்கூட்டி ஜெஸ்ட்டில் லடாக்கின் கார்துங் லா கணவாய்க்கே ஏறினார். உயரம் 5,300 மீட்டருக்கு மேல். மயிலாப்பூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கி.மீ.; ஈசிஆரோ பெரிய ஏற்றமில்லாத கடலோரச் சாலை. மணிக்கு 50, 55-இல் நிதானமாகப் போக 110 சிசி தாராளம். லிட்டருக்கு 40 கொடுத்தாலே 5 லிட்டர் டேங்கில் போய்ச் சேரலாம். பின்னால் ஆளையும் பையையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸை முந்தும்போதுதான் 125-இன் அருமை தெரியும்.

சிசியைப் பற்றி இத்தனை விசாரிக்கிறவர்கள் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம். 10 அங்குலச் சக்கரம் பள்ளத்துக்குள் 12 அங்குலத்தைவிட ஆழமாக இறங்கும், எதிர் விளிம்பில் செங்குத்தாக மோதும். மெட்ரோ வேலை நடக்கும் லஸ் பக்கம் ஊர்ந்து போகையில் அது இடுப்புக்கு ஓர் அடி, அவ்வளவுதான். அதே பள்ளம் இரவில், மாமல்லபுரத்தைத் தாண்டி, 60-இல் வந்தால் ஹேண்டில்பாரைக் கையிலிருந்து பிடுங்கிவிடும். டிவிஎஸ் ஜூபிடரில் முன்னும் பின்னும் 12. ஹோண்டா ஆக்டிவா 110-இல் 2020-இல் வந்த 6ஜி-யில்தான் முன்சக்கரம் 12 ஆனது, பின்சக்கரம் 10-தான். சுஸுகி ஆக்சஸ் 125-உம் அப்படியே. ஸ்கூட்டி பெப் ப்ளஸ்ஸில் இரண்டுமே 10. வெளியூர் ஆசை இருந்தால் முன்னால் 12 இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

‘கனமான வண்டிதான் ரோட்டில் நிற்கும்’ என்பதில் பாதி உண்மை. முட்டுக்காடு பாலத்தில் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது லேசான வண்டி ஆடத்தான் செய்யும். வேகத்தைக் குறைத்தால் சமாளிக்கலாம். கால் எட்டாத கனமான வண்டியோ சிக்னலில் நிற்கும்போதே சாயும். தினமும் போடும் செருப்போடு ஷோரூமுக்குப் போங்கள். உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படிகிறதா பாருங்கள். யாரையும் கூப்பிடாமல் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். பின்சீட்டில் அம்மா வருவார் என்றால் அவரையும் அழைத்துப் போய் உட்கார வையுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி என்ஜினை ஆற வைக்க வேண்டும் என்பது பழைய பயம். இந்த வண்டிகளில் என்ஜினோடு சேர்ந்து சுழலும் விசிறி காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். ஓய்வு உங்கள் முதுகுக்குத்தான் வேண்டும்.

‘டியூப்லெஸ் டயர், பஞ்சரே ஆகாது’ என்பதும் தவறு. ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும், அவ்வளவே. பழைய சேத்தக்கில் இருந்த ஸ்டெப்னி இன்றைய ஸ்கூட்டர்களில் இல்லாததால், பஞ்சர் கிட் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். அதற்கும் தீராதது, பின்சக்கரத்தை ஓட்டும் பெல்ட் அறுவது. என்ஜின் ஓடும், வண்டி நகராது. பஞ்சர் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நீண்ட பயணத்துக்கு முன் சர்வீசுக்கு விடும்போது, இடப்பக்க மூடியைக் கழற்றி பெல்ட்டின் பற்களுக்கிடையே வெடிப்பு இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.