மீதி ஒன்பது பங்கு யாருடையது?

வேத வாசிப்பு: லூக்கா 16:1-13, 2 இராஜாக்கள் 4:1-7



உக்கிராணக்காரன் என்றால் யார்? எஜமானின் பணத்தையும் வீட்டுச் சாமான்களையும் பொறுப்பாய்க் கவனிக்கிறவன். சாவி அவன் கையில் இருக்கும். சொத்து அவனுடையது அல்ல. ஒருநாள் எஜமான் கூப்பிட்டுக் கணக்குக் கேட்பார். இதைப் பல வருஷம் பிரசங்கித்தேன். ஆனால் எனக்கு இது புரிந்தது ஒரு மளிகைக் கடை வாசலில்தான்.

சம்பளம் வந்ததும் தசமபாகத்தை முதலாவது எடுத்து வைத்துவிடுவேன். அதில் குறை வைத்ததில்லை. ஆனால் தெருமுனைக் கடையில் நாலு மாத பாக்கி நின்றது. அந்த நாட்களில்தான் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்து, "கர்த்தர் தந்தார்" என்று சாட்சியும் சொன்னேன்!

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, கையில் வேதாகமத்தோடு வரும்போது கடைக்காரர் மெதுவாய்க் கூப்பிட்டார். "பாஸ்டரய்யா, சாமிக்குக் கொடுக்கிறத நான் தடுக்கல. என் பாக்கிய எப்போ தருவீங்க? நானும் கடன் வாங்கித்தான் சரக்கு போடுறேன்" என்றார். அவர் விசுவாசி அல்ல. ஆனாலும் அவர் வாயினாலே ஆண்டவர் என்னிடம் கணக்குக் கேட்டார். வீட்டுக்கு வந்து முழங்காலில் அழுதேன். பத்தில் ஒன்று கர்த்தருக்கு, மீதி ஒன்பதும் எனக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்!

அன்று கற்றுக்கொண்ட மூன்று பாடங்கள்:

1. கடனை முதலில் தீருங்கள். விதவையின் வீட்டில் எண்ணெய் பெருகியபோது, எலிசா முதலாவது அதை விற்றுக் கடனை அடைக்கச் சொன்னார். மீந்ததைக் கொண்டுதான் அவளும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ண வேண்டும். அற்புதத்தில் வந்த எண்ணெய்க்கே இந்த ஒழுங்கு என்றால், நம் சம்பளத்துக்கு?

2. வீணாக்காதிருங்கள். ஐயாயிரம் பேரைப் போஷித்தவர் மீந்த துணிக்கைகளையும் சேர்க்கச் சொன்னார். 12 கூடை நிறைந்தது (யோவான் 6:12,13). பெருகப்பண்ணுகிறவரே வீணாக்கவில்லை.

3. தினமும் செய்யுங்கள். மிசோராமில் 1910-ல் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு. சகோதரிகள் சோறாக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே வைப்பார்கள். ஏழை வீட்டிலும் அது முடியும். உண்மை என்பது மாதம் ஒருமுறை அல்ல, வேளைக்கு வேளை.

என் மனைவியும் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றாடச் செலவை எழுத ஆரம்பித்தோம். வண்டியைக் கொடுத்துவிட்டு சைக்கிளுக்குத் திரும்பினேன். ஆறு மாதத்தில் பாக்கி தீர்ந்தது. கடைக்காரர் இன்னும் சபைக்கு வரவில்லை. ஆனால் இப்போது நான் கொடுக்கும் கைப்பிரதியை வாங்கிப் படிக்கிறார்.

பிரியமானவர்களே, இன்று ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு முன் நீங்களும் ஒரு நோட்டை எடுங்கள். யாருக்கு என்ன தரவேண்டும் என்று எழுதி, அதை வைத்து ஜெபியுங்கள். எஜமான் வருகிறார். அவர் கேட்கும் நாளில் நம் கணக்கு நேராயிருக்கட்டும். ஆமென்.